வேம்புவின் பெயருக்கு நேரே

“பசியில வந்தியா, இல்ல தேவ அழைப்பில வந்தியா?”

கன்னியர் மடத்தில் சேர்வதற்காகப் பங்குச் சாமியாரின் கடிதத்தோடு போய் நின்றபோது மதர் பெர்னதெத் கேட்டது இது. மடத்தின் தலைவி அவர்தான். நான் பின்னால் ஒன்பது ஆண்டு வேலை பார்த்த பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியையும் அவர்தான். எனக்கு அப்போது பதினெட்டு வயது. “ரெண்டும் இல்ல மதர், டீச்சர் ஆகணும்” என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உண்மையச் சொல்லிட்ட. சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? இல்ல. நீ இங்க நிலைப்பியான்னு எனக்குச் சந்தேகம்தான்” என்றார். ஆனாலும் சேர்த்துக்கொண்டார்.

இப்போது எனக்கு முப்பத்தொரு வயது. வேலைக்கால நினைவுகளை எழுதும் வயதில்லை. ஆனால் என் வேலைக்காலம் முடிந்துவிட்டது. போன மாதம் கடைத்தெருவில் இளம் சகோதரிகள் இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டு, தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பக்கத்தில் வந்தார்கள். முன்பு சிஸ்டர் என்று கூப்பிட்டவர்கள். “அக்கா, இந்த வருஷம் ஹாஸ்டல் லிஸ்ட்டை எங்களைச் சரிபார்க்கச் சொல்லியிருக்காங்க. அன்னைக்கு நீங்க என்னதான் சொன்னீங்க?” என்று கேட்டாள் ஒருத்தி. நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள். இரண்டு பக்கத்து முன்னோர்களிலும் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது அங்கிருந்த ஆசிரியர், “இந்துன்னு எழுதிக்கய்யா. சாப்பாடு, புத்தகம், ஹாஸ்டல் எல்லாம் கிடைக்கும். கிறிஸ்துவன்னு எழுதினா ஒண்ணும் கிடையாது” என்றார். ஆதிதிராவிடர் சலுகை இந்துக்களுக்கு மட்டும்தான். எங்கள் தெருவில் சர்ச்சுக்குப் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், மாதா கோயிலில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அப்பா மட்டும் மறுத்தார். “சாமிய மாத்திச் சொல்லி என் பொண்ணு சோறு திங்க வேணாங்க” என்றார். நான் மடத்து மாட்டுக்கொட்டகையைக் கூட்டி, அந்தச் சோற்றில் படித்தேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையை நான் எல்லோருக்கும் அளவாக வைத்துக்கொண்டேன்.

கன்னியாஸ்திரி ஆவதற்கு முந்திய பயிற்சியான நவசந்நியாசம் இரண்டு வருடம், ஆசிரியப் பயிற்சி இரண்டு வருடம். சத்தமில்லாமல் நடக்கவும், கேட்டால் மட்டும் பேசவும் பழக்கினார்கள். நடக்கப் பழகினேன்.

மதர் பெர்னதெத்திடம் நான் பார்த்து வியந்தது ஜூன் மாதச் சேர்க்கை. சேர்க்கைப் பதிவேட்டில் அவரைத் தவிர யாரும் எழுதக் கூடாது. பெற்றோரை நாற்காலியில் உட்கார வைப்பார். எங்கள் ஆட்கள் உட்கார மாட்டார்கள். அவர்கள் உட்காரும்வரை பேனாவைத் திறக்க மாட்டார். பிறகு ஒவ்வொரு கட்டமாகக் கேட்பார். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தொழில், மதம், சாதி, பிறந்த தேதி, அம்மை குத்திய தழும்பு, மச்சம். பிறந்த தேதி தெரியாது என்பார்கள். “மழைக்கு முந்தியா, பிந்தியா? நடவுக்கா, அறுப்புக்கா?” என்று கேட்டு ஒரு தேதிக்கு வந்து சேர்வார். மதம் என்ற கட்டம் வந்ததும் தலையைக் குனிந்துகொள்வார். அந்த ஒரு கேள்வியை மட்டும் முகத்தைப் பார்க்காமல் கேட்பார். சொன்னதை எழுதி, ஒற்றுத்தாளை அழுத்துவார். திருத்த வேண்டுமானால் சிவப்பு மையில் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டு, கல்வி அதிகாரியிடம் மேலொப்பம் வாங்க வேண்டும். பதினெட்டு வருடத்தில் அவர் பதிவேட்டில் சிவப்பு மை மிகக் குறைவு.

ஒரு தடவை பக்கத்தில் நின்று கோந்து தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். “கேட்டதை எழுதணும். தெரிஞ்சதை எழுதக் கூடாது” என்றார். எழுத்துச் சுத்தம் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

வேம்பு எங்கள் பள்ளிக்கு ஆறாம் வகுப்பில் வந்தாள். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வேதாரண்யம் பஸ் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அரசு மாணவியர் விடுதியில் தங்கிப் படித்தாள். அப்பா பெயர் சின்னப்பன். அந்தப் பெயர் கோயிலுக்கும் பொருந்தும், சர்க்காருக்கும் பொருந்தும். அவள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது வகுப்பாசிரியை நான். கணக்கு அவளுக்கு எப்படி வரும் என்றால், நான் கரும்பலகையில் இரண்டாவது வரி எழுதும்போதே பின்பெஞ்சில் இருந்து “விடை முழு எண்ணா வராது சிஸ்டர், முதல் வரியப் பாருங்க” என்பாள். பார்த்தால் நான்தான் தவறாக எழுதியிருப்பேன்.

அவள் படித்த வருடங்களில் எங்கள் பக்கத்துக் கிராமங்கள் எப்படி இருந்தன என்று எல்லோருக்கும் தெரியும். கழக ஆட்சி வந்து கூரைக்குக் கூரை கொடி ஏறியது. குடியிருக்கிற மனை எங்களுக்கே என்றார்கள். களத்தில் கூலி நெல் அளக்கிற மரக்கால் மட்டும் பழைய மரக்காலாகவே இருந்தது. கூலி உயர்த்திக் கேட்ட ஊர்களில் அறுப்புக்கு வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள். முந்தின தை மாதம் வேம்புவின் ஊரில் லாரியை மறித்தவர்களில் சின்னப்பனும் ஒருவர். வழக்குப் போட்டார்கள். ஜாமீனில் வந்து தினமும் ஸ்டேஷனில் போய்க் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார். வேலை கொடுக்க ஆள் இல்லை. அந்த வீட்டில் மூன்று வேளை சாப்பிட்டது விடுதியில் இருந்த வேம்பு ஒருத்திதான்.

ஆடி மாதம் நலத்துறை ஆய்வாளர் விடுதிப் பட்டியலைச் சரிபார்க்க வருவார். பெயரைப் படிப்பார், “ஆமாம்” என்று பள்ளியிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டும். வழக்கமாக மதர் சொல்வார். அந்த வருடம் காய்ச்சலில் அவருக்குக் குரல் கட்டியிருந்தது. “நீ சொல்லு. ஆமாம்னு சொல்லு, போதும்” என்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

அறையில் இன்னொருவரும் இருந்தார். பள்ளிக்குச் சுற்றுமதில் கட்டிக் கொடுத்த மிராசுதார். ஆண்டு விழா பற்றிப் பேச வந்திருந்தார். வேம்புவின் ஊரில் பாதி நிலம் அவர் குடும்பத்தினுடையது. சின்னப்பன்மேல் புகார் கொடுத்தவரும் அவரே.

பதினோரு பெயருக்கு ஆமாம் சொன்னேன். பன்னிரண்டாவது பெயர் வந்தது.

“வேம்பு, தகப்பனார் சின்னப்பன். இந்து, ஆதிதிராவிடர். சரிதானே சிஸ்டர்?”

முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் கோயிலில் நடந்த ஞானோபதேசப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவளுக்கு நான் என் கையால் பதக்கம் குத்தியிருந்தேன். உபதேசியார் “ஆரோக்கியம்!” என்று கூப்பிட்டபோது எழுந்து வந்தவள் அவள்.

“இல்ல சார்” என்றேன்.

ஆய்வாளர் நிமிரவில்லை. “என்ன இல்ல?”

“அவ கிறிஸ்துவப் பொண்ணு. எங்க கோயிலுக்குத்தான் வர்றா.”

ஐம்பது வயது மனிதர். நல்லவர். சிரித்தார். “கோயிலுக்கு யார் வேணா வரலாம் சிஸ்டர். வேளாங்கண்ணிக்கு நானே வருஷா வருஷம் போறேன். மொட்டைகூடப் போட்டிருக்கேன். அதுக்காக நான் கிறிஸ்துவனா?”

“சரியாச் சொன்னீங்க சார். காபி ஆறுது” என்றார் மதர், கட்டிய குரலில்.

அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். அப்போது அது எனக்குக் கதவாகத் தெரியவில்லை. என் அப்பா மறுத்ததை இவர்கள் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள் என்றுதான் தோன்றியது. “ஞானஸ்நானம் வாங்கினவ சார். பேரு ஆரோக்கியம்” என்றேன்.

மிராசுதார் டம்ளரைக் கீழே வைத்தார். “சிஸ்டர் பொய் சொல்லுவாங்களா சார்? எழுதிக்குங்க. சர்க்கார் சோறு யாருக்குப் போகுதுன்னு சர்க்காருக்குத் தெரிய வேணாமா?”

ஆய்வாளருக்கு இனி வழி இல்லை. அவரோடு வந்திருந்த குமாஸ்தா அந்தப் பெயரைச் சுழித்தார்.

அவர்கள் போன பிறகு மதர் என்னைத் திட்டவில்லை. சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். வேம்புவின் வரிசையில் விரலை வைத்தார். இந்து. அவருடைய கையெழுத்து.

“இது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? இந்த மாதிரி முப்பது பிள்ளைக்கு எழுதியிருக்கேன். வாராவாரம் பாவசங்கீர்த்தனத்தில சொல்றேன்.”

“சாமியார் என்ன சொல்வாரு மதர்?”

“மூணு தடவை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொல்வாரு. அந்த முப்பதுல நாலு பேர் இன்னைக்கு டீச்சர். ஒருத்தி நர்ஸ்.” பதிவேட்டை மூடினார். “உங்கப்பாவுக்கு மாட்டுக்கொட்டகை கிடைச்சது. எல்லார் வீட்டுக்கும் ஒரு மாட்டுக்கொட்டகை என்கிட்ட இல்ல.”

மிராசுதார் விடவில்லை. மனு எழுதினார். பட்டியல் முழுவதையும் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தார்கள். வேம்புவைச் சேர்த்து ஏழு பெண்கள் விடுதியை விட்டு வெளியேற வேண்டி வந்தது. மதர் இரண்டு பேரை மட்டும் மடத்து விடுதியில் சேர்த்தார். இருந்த இடம் அவ்வளவுதான். அதற்கே மற்றப் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து ஆட்சேபம் வந்தது. பக்கத்துப் பாயில் யார் படுக்கிறார்கள் என்பது அவர்களுக்கு முக்கியம்.

வேம்பு தகரப்பெட்டியோடு என்னிடம் வந்து நின்றாள். “நான் பொய் சொல்லலையே சிஸ்டர். எங்கப்பா சொன்னாரு, மதர் எழுதினாங்க. நான் என்ன பண்ணினேன்?”

“உண்மையா இருக்கிறவங்களுக்குக் கர்த்தர் வழி காட்டுவாரு” என்றேன். இதை ஒரு பதினைந்து வயதுப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்கு மத்தியானச் சாப்பாடு எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.

புரட்டாசியில் மதர் பெர்னதெத்துக்கு மாற்றல் வந்தது. தவறான பதிவுகள் என்று காரணம் எழுதியிருந்தது. கடலோரத்தில் எங்கள் சபை நடத்திய ஒரு சிறு மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுக்கும் வேலை. பஸ் ஏற்றிவிட நான் போனேன். அழுதேன். “அழுது என்ன பண்றது? போய் அந்தப் பொண்ணைப் பாரு” என்றார். பஸ் கிளம்பியபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. நடத்துநரிடம் சில்லறைக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

ஐப்பசி முதல் வாரம் வேம்புவின் ஊருக்குப் போனேன். சம்பா நடவு முடிகிற நேரம். அவர்கள் ஊரில் யாரும் அந்தக் குடும்பத்தைக் கூப்பிடாததால் மூன்று மைல் தள்ளி இன்னொரு ஊரில் நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் என் வெள்ளை அங்கியைப் பார்த்ததும் பெண்கள் நிமிர்ந்தார்கள்.

“ஏ, இங்க பாருங்கடி, நடவுக்கு ஆள் கொறையுதுன்னு பரலோகத்திலேர்ந்து அனுப்பிட்டாங்க.”

“அங்கிய இழுத்துச் செருகுங்க சிஸ்டர், ஒரு முடி நாத்து தர்றோம்.”

“எனக்கு நடத் தெரியும்” என்றேன்.

“தெரியும்னா ஏன் வரப்புல நிக்கிறீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். வேம்பு சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் குனிந்தபடி நட்டுக்கொண்டே இருந்தாள். கையில் இருந்த நாற்று முடி தீர்ந்ததும்தான் கரைக்கு வந்தாள். கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண்.

“மடத்தில பேசிப் பார்க்கிறேன், திரும்பி வா” என்றேன்.

“வந்து எங்க சாப்பிடுறது சிஸ்டர்?” கேலியாகக் கேட்கவில்லை, விவரம் கேட்கிற குரலில் கேட்டாள். “தஞ்சாவூர்ல ஒரு இடம் இருக்காம். சடங்கு பண்ணி, இந்துவாயிட்டான்னு எழுதிக் கொடுப்பாங்களாம். அதக் காட்டினா தாசில்தார் சர்டிபிகேட் தருவாராம். விவசாயக் கூலிச் சங்கத்து ஆள் சொன்னாரு. ரெண்டு சாட்சி வேணும், படிச்சவங்களா, கையெழுத்துப் போடறவங்களா. ஒருத்தர் அவரு. இன்னொருத்தருக்கு எங்க போறது? எங்க தெருவில கையெழுத்துப் போடத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். எனக்கு நானே சாட்சி போட முடியாதாம்.”

நான் அங்கியின் ஓரத்தில் ஒட்டிய சேற்றைத் தட்டினேன்.

“நீங்க போடுவீங்களா சிஸ்டர்?”

“அது மட்டும் கேட்காதே” என்றேன். ஒரு பிள்ளை விசுவாசத்தை விட்டாள் என்பதற்கு ஒரு கன்னியாஸ்திரி சாட்சி சொல்வதா? ஆண்டவருக்கு நான் கொடுத்த வார்த்தைப்பாடு என்ன ஆவது? இதைத்தான் யோசித்தேன். வேம்பு தலையை ஆட்டிவிட்டு இன்னொரு முடியை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

அன்று நான் சரி என்று சொல்லியிருந்தால் அவள் அரையாண்டுப் பரீட்சையாவது எழுதியிருப்பாள்.

தை வந்தது. அறுப்புக்கு மறுபடியும் லாரி வந்தது. இந்தத் தடவை சின்னப்பன் மறிக்கப் போகவில்லை. ஸ்டேஷனில் கைநாட்டு வைத்துவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தார். அடித்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஒன்பதாம் வகுப்பில் படித்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி வகுப்பு முடிந்ததும் இதைச் சொன்னாள். “வேம்பு அக்காவப் பொண்ணு கேட்டு வந்திருக்காங்க சிஸ்டர். ரெண்டாந்தாரமா.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கரும்பலகையை அழித்தேன். அது ஏற்கனவே அழித்துத்தான் இருந்தது.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தஞ்சாவூர் போனேன். வேம்பு, அவள் அம்மா, சங்கத்து ஆள், நான். ஒரு சந்துக்குள் பழைய ஓட்டு வீடு. தண்ணீர் தெளித்தார்கள். சின்னத் தீ வளர்த்தார்கள். நெற்றியில் விபூதி வைத்தார்கள். நான் அங்கியோடு நிற்பதைப் பார்த்து அங்கிருந்த பெரியவர் சங்கடப்பட்டார். “அம்மா வெளியில இருக்கலாமே” என்றார். “நான் சாட்சி” என்றேன்.

அவர் வேம்புவைக் கேட்டார்: “யாரும் கட்டாயப்படுத்தலையே? மனசார வர்றியாம்மா?”

வேம்பு அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். “ஆமாங்க” என்றாள்.

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெரியவர் கேட்டதை எழுதிக்கொண்டார்.

கையெழுத்துப் போட நான் குனிந்தபோது வேம்புவின் அம்மா என் கையைப் பிடித்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள். “சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். இதுக்கப்புறம் இவ செத்தா எங்க பொதைப்பாங்க?”

நான் ஞானோபதேசம் ஒன்பது வருடம் நடத்தியவள். மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். “எனக்குத் தெரியலம்மா” என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டேன். சாட்சியின் தொழில் என்ற இடத்தில் ஆசிரியை என்று எழுதினேன்.

மறுநாள் புதிய தலைவியிடம் நடந்ததைச் சொல்லி, வார்த்தைப்பாட்டிலிருந்து விடுவிக்கக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் என்னை இருக்கச் சொல்லவில்லை. மடத்தை விட்டதோடு பள்ளி வேலையும் போனது. அங்கியை மடித்துக் கொடுத்துவிட்டு, கூட வேலை பார்த்த ஒரு டீச்சர் கொடுத்த புடவையில் வலங்கைமான் பஸ் ஏறினேன். அப்பா வாசலில் என்னைப் பார்த்து, “முக்காடு எங்கம்மா?” என்று கேட்டார். முழுவதையும் சொன்னேன். அவர் திண்ணையில் உட்கார்ந்தார். பிறகு, “அப்ப நான் செஞ்சது தப்பாம்மா?” என்றார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

வேம்புவின் சான்றிதழ் தாசில்தார் அலுவலகத்தில் கிடக்கிறது. ஜூனில் விடுதி திறக்கும்போது அது வந்தால் அவளுக்கு இடம் உண்டு. பெண் கேட்டவர்கள் வைகாசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். “வாங்க, உக்காருங்க” என்கிறாள். கணக்குப் புத்தகம் கொண்டு போனேன். வாங்கி வைத்துக்கொண்டாள், திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதில்லை. வேறு கோயிலுக்கும் போவதில்லை. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எப்படியும் கூப்பிடாமல் பேசுகிறாள்.

சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்று, விடுதியை இழந்த மீதி நான்கு பெண்களின் வீட்டுக்கும் போனேன். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஒருத்தி வீட்டில் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி யோசிக்கிறேன் என்றாள். நான்காவது பெண்ணின் அப்பா, “வாங்கம்மா, போட்டுக் குடுங்க” என்று எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவர்களோடு தஞ்சாவூர் போனேன். அதே சந்து, அதே பெரியவர். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தொழில் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். “ஏதாவது எழுதுங்கம்மா, காலியா இருந்தா தாசில்தார் திருப்பிடுவாரு” என்றார்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என் பெயர் பதிந்திருக்கிறது, வரிசை நீளம். அந்த வாரம் முழுவதும் அப்பாவோடு கோடைப் பயிருக்குக் களை எடுக்கப் போயிருந்தேன். விவசாயக் கூலி என்று எழுதி, தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.